தழும்பு எந்தப் பக்கம்

சங்குமுனைக் கரையில் முதல் கார் ஒதுங்கிய வெள்ளிக்கிழமை காலையில், அங்கே கூடியிருந்தவர்கள் காரைப் பார்த்ததைவிட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுதான் அதிகம். கறுப்புக் கார், கட்டுமரத்தைவிட நீளம், கதவில் பதினோரு குண்டு ஓட்டைகள், ஆனால் உள்ளே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் இல்லை, இருக்கையில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி. கடல் காரை ஒதுக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடல் எதைத்தான் ஒதுக்கவில்லை? யார் சொல்லி வந்தது, யாருக்கு வந்தது, நமக்குத் தெரியாமல் இதற்கு முன் எத்தனை வந்தது என்பதுதான் ஊரின் கேள்வி. ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கடல் மூணு தடவ ஏறி எறங்கட்டும், அதுக்கு முன்னால எவனும் தொடக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, தொடக்கூடாத பொருளுக்குக் காவலாக இரண்டு பேரை வைத்தார், அந்த இரண்டு பேருக்குக் காவலாக இன்னும் இரண்டு பேரை வைத்தார்.

கூட்டத்தில் பிரகாசி மட்டும் கதவின் ஓட்டைகளை மூன்று தரம் எண்ணினாள். அந்தக் காரை அவளுக்குத் தெரியும். கறுப்புக் கார், பதினோரு குண்டு, பாலத்திலிருந்து கடலுக்குள் பாய்கிறது என்று போன மாதம் போனில் சொன்னவன் அவள் தம்பி சந்தியாகு.

பிரகாசி மீன் விற்கிறவள். ஏலத்தில் மீன் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், கடைசியில் விற்கிறவன் கண்ணைப் பார்ப்பாள். எதையும் மூன்று தரம் கேட்பாள். "பிரகாசி நம்புற ஒரே ஆளு செத்த ஆளுதான், அதுவும் பெட்டியில வச்சு ஆணியடிச்ச பெறகு" என்று தொம்மை கேலி பேசுவார். அது கேலியில்லை என்பது அவருக்கும் தெரியும். அவள் புருஷன் இன்னாசி, முதல் கார் ஒதுங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு கார்த்திகை மாதம் கடலுக்குப் போனவன், வள்ளம் மட்டும் திரும்பிவந்தது. உடல் கிடைக்காதவனுக்கு அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது சங்குமுனை வழக்கம். பிரகாசி சட்டையைத் தர மாட்டேன் என்றுவிட்டாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, ட்ரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஏற்ற இடமில்லாமல் அவளும் மகள் ஜெனிட்டாவும் மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருப்பது, பல்லிடுக்கில் மாட்டிய முள் மாதிரி, சாப்பிடவும் விடாது, தூங்கவும் விடாது.

சந்தியாகு அமெரிக்காவுக்குப் போன கதையையும் ஊர் நம்பவில்லை. சரக்குக் கப்பலில் சமையலுக்குப் போனவன், ஹாலிவுட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் தக்காளி வாங்க இறங்கி, தக்காளியோடு கப்பலுக்குத் திரும்பாமல் போனான். படமெடுக்கும் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் தட்டுக் கழுவினான். ஒருநாள் அங்கே ஒரு எழுத்தாளர், படகு முங்குகிற காட்சி எழுத வராமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, எச்சில் தட்டை அடுக்கிக்கொண்டே சந்தியாகு சொல்லியிருக்கிறான், படகு முங்கும்போது சத்தம் வராது சார், இருக்கிற சத்தம் நிற்கும், அதுதான் பயம் என்று. அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் வேலை. அந்த ஊரில் அடிதடிப் படத்தை ஒருவன் எழுத, ஏழு பேர் திருத்துவார்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாளின் நிறம் மாறும், நீலம், ரோஸ், மஞ்சள், பச்சை என்று போய், கடலில் எதாவது விழ வேண்டிய இடம் வரும்போது "அந்தக் கடல்காரனைக் கூப்பிடு" என்பார்களாம். கார் விழும், லாரி விழும், ஹெலிகாப்டர் விழும், எல்லாம் சந்தியாகு எழுதித்தான் விழும். ஐந்து படம்வரை திரையில் அவன் பெயர் வரவில்லை. ஆறாவது படத்தில் வந்தது, தியேட்டரைக் கூட்டுகிறவர்கள் உள்ளே வருகிற நேரத்தில்.

"எழுதுறதுக்கு வெள்ளக்காரன் சோறு போடுவானா? கடத்தல் பண்ணுதான் பய" என்றது ஊர். ஆனால் ஒவ்வொரு படம் வெளியாகும் வெள்ளிக்கிழமையும், அதில் கடலில் விழுந்தது விழுந்தபடியே சங்குமுனையில் ஒதுங்கியது.

ஒன்று பழகிப்போனால் அதிசயத்துக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவது ஊரின் குணம். முதல் கார் கோழிக்கூடானது, பதினோரு ஓட்டையும் காற்றுக்கு வசதி. இரண்டாவது கார் கரைமணலில் கயிறு கட்டி இழுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கு ஆனது, மழைநாளில் பெண்ணின் தலையில் ஒழுகாமல் இருக்க குண்டு ஓட்டைகளைப் பார்சோப்பு வைத்து அடைத்தார்கள். ஹெலிகாப்டர் வால் வலைகாயப்போடும் கம்பமானது. இவ்வளவு நடந்தும் சந்தேகம் குறையவில்லை, கூடியது. வடக்குத் தெருக்காரன் வெள்ளிக்கிழமை சீக்கிரம் எழுந்தால் தெற்குத் தெருக்காரன் அதைவிடச் சீக்கிரம் எழுந்தான். வேலிக்குள் தார்ப்பாய் போர்த்திய எதைப் பார்த்தாலும், அடியில் என்ன என்று குழந்தைகளை அனுப்பித் தூக்கிப் பார்த்தார்கள். கடலோரக் காவல் ஆய்வாளர் ரத்தினகுமார் மாதம் இருமுறை ஜீப்பில் வந்து, ஒவ்வொன்றையும் சுற்றிவந்து, "ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கு, இத நம்ம ரோட்டுல ஓட்டுனா உள்ள வச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, பிரகாசி வீட்டைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டுப் போவார்.

தொம்மைதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர், பிரசவ வலி எடுத்தால் மீன்லாரியில் ஏற்றிப்போகிற ஊர். "ஏ பிரகாசி, எதையோ ஒண்ண முக்கித்தான் ஆகணும்னா, ஒம் தம்பிட்ட சொல்லி ஒரு ஆம்புலன்ச முக்கச் சொல்லேன்." சந்தியாகு எழுதினான். ஏழு பேர் திருத்தியும் ஆம்புலன்ஸ் விழும் காட்சி தப்பித்தது. வெள்ளிக்கிழமை அது கரையில் நின்றபோது அதன் பக்கவாட்டு எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறியிருந்தது, ஸ்டியரிங் மட்டும் நம்மூர் வண்டிபோல வலப்பக்கம் இருந்தது. ரத்தினகுமார் அரைமணி நேரம் சுற்றிவந்தும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரகாசி போனில் கேட்டாள், ஏன் இது மட்டும் இப்படி என்று.

"அது ஒண்ணுமில்லக்கா. தொரத்துற காரு வலப்பக்கமா ஓடுது, ஆம்புலன்சு இடப்பக்கமா ஓடுற மாதிரி எடுத்துத் தொலச்சிட்டாங்க. ஒட்டும்போது ஒரே பக்கமா ஓடணும்லா, அதனால அந்தத் துண்ட அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுட்டாங்க. எடிட்டிங்குல அடிக்கடி பண்றதுதான்."

"அடிக்கடியா?"

"அடிக்கடி. யாரும் கவனிக்க மாட்டாங்க."

சங்குமுனைக்கு வந்ததிலேயே ஊர் ரோட்டில் ஓடிய ஒரே வண்டி அதுதான். பதினாலு பிள்ளைகள் அதில் பிறந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு பிரகாசி தூங்கவில்லை. கேட்டதைத் தருமென்றால், கடலில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதானே. ஆனால் அவள் கேட்காமல் இருந்ததற்குக் காரணம், இத்தனை படத்தில் எத்தனையோ பேர் கடலில் விழுந்தும் ஒரு மனுஷன்கூட கரை ஒதுங்கியதில்லை. அதையும் தம்பியிடம் கேட்டாள்.

"விழுறவங்க சினிமாச் சண்டைக்காரங்கக்கா. விழுவாங்க, மேல வருவாங்க, துண்டால தொடச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. போக வீடு இருக்கவன் அங்க எதுக்கு வாரான்?"

"மேல வராத ஆளா எழுத முடியாதா?"

சந்தியாகு மெதுவாகச் சொன்னான். "இப்பல்லாம் ஆளையே கம்ப்யூட்டர்ல வரையுறாங்க. அப்படி ஒரு ஆள விழ வச்சா, அவன் மேல வரமாட்டான். அவனுக்குப் போக வீடே கிடையாதுக்கா."

அவள் தம்பிக்குக் கடிதம் எழுதினாள். நாலு பக்கம். உயரம், நிறம், நெற்றி, நீலக் கட்டம் போட்ட சட்டை, பாசிப்பச்சை லுங்கி, காதோரம் முடி வெட்டும் விதம், ஒன்றையும் விடவில்லை. தாடையில் தழும்பு என்று எழுதும்போது பேனா நின்றது. ஜெனிட்டா பிறந்த வருஷம், வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு அறுந்து அடித்த தழும்பு அது, இன்னாசிக்கு வலப்பக்கத் தாடையில் ஒரு மொச்சை நீளத்துக்கு இருக்கும். அதற்கு முன்பே தம்பி கப்பலேறிவிட்டான், கல்யாணப் போட்டோவில் தழும்பு கிடையாது. ஆக அது எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. பிரகாசி யோசித்தாள். யோசித்துவிட்டு, 'இடப்பக்கத் தாடையில் தழும்பு' என்று எழுதினாள்.

தம்பி எழுதி அனுப்புகிற பொம்மை வந்தால் தழும்பு இடப்பக்கம் இருக்கும். கடல் உண்மையிலேயே இன்னாசியைத் திருப்பித் தந்தால் வலப்பக்கம் இருக்கும். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள், புருஷனை மட்டும் பார்க்காமல் வாங்குவாளா? இந்தப் பொறியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியாரிடம்கூட.

பத்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, சங்குமுனைக் கரையில் ஒரு ஆள் ஒதுங்கினான். நீலக் கட்டம், பாசிப்பச்சை லுங்கி. கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. கூட்டம் பத்தடி தள்ளி வட்டமாக நின்றது. "மூணு தடவ கடல் ஏறி எறங்கட்டும்" என்று யாரோ சொல்ல, "லேய், மனுஷன்லா" என்று தொம்மை கத்தினார், ஆனால் அவரும் பத்தடிக்கு உள்ளே போகவில்லை.

பிரகாசி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வட்டத்துக்குள் போனாள். மண்ணில் முழங்காலிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கத் தாடையைப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது. முகத்தைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தாள். தழும்பு இருந்தது, மொச்சை நீளத்துக்கு. ஊர் கேட்க அப்படி ஒரு சத்தம் அவள் அதுவரை போட்டதில்லை. "எம் புருஷன்" என்றாள். "எவனும் சந்தேகப்படாதீங்க. எனக்குத் தெரியும்."

சொன்னது பிரகாசி என்பதால் ஊருக்கு சந்தேகம் கூடிப்போனது. இவ்வளவு லேசில் நம்புகிற பொம்பளை இல்லையே இவள்? ரத்தினகுமார் கைரேகை மெஷினைக் கொண்டுவந்து பத்து விரலையும் வைத்துப் பார்த்தார், மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கயிறு இழுத்துத் தேய்ந்த விரலை அந்த மெஷின் எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை, தொம்மை வைத்தபோது அவரும் ஊரில் இல்லாத ஆளாகிப்போனார். ஏன் பேசவில்லை என்று கேட்டவர்களிடம், இன்னாசி முன்னால மட்டும் என்ன பேசிக் கிழித்தான் என்று பிரகாசி சண்டைக்குப் போனாள். அவனுக்கு வசனம் எழுதப்படவில்லை என்பது அவள் மனதின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் அந்த ஓரத்துப் பக்கமே போகவில்லை.

மூன்று மாதம் அவள் ஊரறியச் சந்தோஷமாக இருந்தாள். தலையில் பூ வைத்தாள். ஏலத்தில் நண்டை அமுக்கிப் பார்க்காமல் எடுத்து, இரண்டு தரம் ஏமாந்து, அதையும் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவன் வலை பின்னும்போது ஊசியை இடக்கையில் பிடித்தான், ஆறு வருஷம் கடலில் கிடந்தவனுக்குக் கை மாறாதா என்று விட்டுவிட்டாள். அவன் போட்டுவந்த சட்டையில் பை வலப்பக்கம் இருந்தது, தையல்காரன் குடித்துவிட்டுத் தைத்திருப்பான் என்றாள், இன்னாசியின் சட்டை ட்ரங்குப் பெட்டியில் இருப்பதை நினைக்காமலே. ஜெனிட்டா அவன் நெஞ்சில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, "யம்மா, அப்பாவுக்கு இந்தப் பக்கம் அடிக்கி" என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டியபோது, "பேசாமப் படுட்டி" என்று அதட்டினாள். ஒன்றே ஒன்றைத்தான் அவளால் விடமுடியவில்லை. அவன் சோற்றில் இடக்கையை வைப்பான். ஒவ்வொரு வேளையும் அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு வலக்கையைப் பிடித்து சோற்றில் வைப்பாள். "இந்தக் கை" என்பாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தடுமாறித் தடுமாறி அந்தக் கையால் சாப்பிடுவான். கேட்டதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தண்ணீர்க் குடத்தைக் கேட்காமலே தூக்கிவருவான், ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தோளில் போட்டுக்கொண்டு பாதி தூரம் நடந்துவிட்டான்.

அப்புறம் ஒருநாள் காலையில், அவள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சந்தியாகு போன் செய்தான். குரலில் குற்றவுணர்ச்சி.

"யக்கா, நேத்துத்தான் எனக்கு அந்தப் படத்தப் பாக்க முடிஞ்சது. ஒண்ணு சொல்லணும், கோவிக்கக்கூடாது. மீனவன் விழுற அந்தத் துண்டையும் திருப்பிப் போட்டுத் தொலச்சிருக்கானுக. பாவிங்க."

"என்னது?"

"மச்சான் தழும்பு இடப்பக்கம்னு நீ எழுதியிருந்த. நானும் இடப்பக்கம்னுதான் எழுதுனேன், அவங்களும் இடப்பக்கம்தான் வரஞ்சாங்க. ஆனா திருப்பிப் போட்டதுல வலப்பக்கம் ஆயிருச்சு. ஒனக்கு அங்க தப்பான பக்கமா வந்திருக்கும்லா? மன்னிச்சிருக்கா. நாலு பக்கம் எழுதுனியே, ஒத்தத் தழும்ப ஒழுங்கா அனுப்ப முடியல என்னால."

பிரகாசி கருவாட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்ன பொய்யை அந்த ஊர்ப் படக்காரர்கள் திருப்பிப் போட்டு உண்மையாக்கி அனுப்பியிருந்தார்கள். பொய் சொல்லாமல் இருந்திருந்தால் தழும்பு இடப்பக்கம் வந்திருக்கும், அவளும் கரையிலேயே, இது என் புருஷன் இல்லை என்று எழுந்து போயிருப்பாள். இந்த மூன்று மாதத்தை அவளுக்குத் தந்தது அவள் சந்தேகம்தான்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். ஒம் மேல தப்பில்ல. வச்சிரு."

வாசலில் அவன் இடக்கையால் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவள் அவனருகே போய் உட்கார்ந்து, அவன் வலப்பக்க நெஞ்சில் காதை வைத்தாள். அடித்தது. இன்னாசியின் நெஞ்சு எப்படி அடிக்குமோ அப்படித்தான் அடித்தது, இடம் மட்டும் வேறு. அவள் எழுந்து உள்ளே போய், ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். இடப்பக்கம் பை. பையில் ஒரு பீடித்துண்டு ஆறு வருஷமாக அப்படியே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் பங்குச்சாமியாரிடம் போனாள். "சாமி, குழி தோண்டச் சொல்லுங்க."

சாமியார் பக்கத்தில் நின்ற தொம்மையைப் பார்த்தார். தொம்மை, "வந்துட்டானே பிள்ள. யாருக்குக் குழி?" என்றார்.

"இன்னாசிக்கு."

"அப்ப வீட்டுல இருக்குறது?"

"அது வேற ஆளு." பிரகாசி சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "இன்னாசி செத்துட்டாரு. அன்னைக்கே செத்துட்டாரு. எனக்குத்தான் சொல்லிக்க முடியல."

மறுநாள் சாயங்காலம் சட்டையைப் பெட்டியில் வைத்து ஆணியடித்தார்கள். ஊர் முழுக்க வந்தது, துக்கத்துக்குப் பாதி, வேவுக்குப் பாதி. செத்தவன் என்று சொல்லப்பட்டவனின் முகத்தோடு ஒருவன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு குழியோரம் நிற்பதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? ரத்தினகுமார்கூட தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலியோரம் நின்றார். பெட்டியை இறக்கினார்கள். பிரகாசி மண் போட்டாள், ஜெனிட்டா போட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே அவன் குனிந்து, இடக்கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பெட்டிமேல் போட்டான். போட்டுவிட்டு அழுதான். முதலில் தோள் குலுங்கியது, பிறகு குரல் வந்தது, அடைத்த குரல், பழகாத குரல். சங்குமுனை அவன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எவனென்றே தெரியாத ஒருவனுக்காக, முகத்தை மட்டும் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தவன் அழுகிற அழுகையைப் பார்த்து, வேவு பார்க்க வந்தவர்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரகாசி தம்பிக்குப் போன் போட்டாள்.

"சந்தியாகு, அந்த ஆளு அழுற மாதிரி ஏதும் எழுதுனியா?"

"இல்லக்கா. விழுறது மட்டும்தான். மூணு செகண்டு."

"ஒனக்குப் பொறவு திருத்துனவங்க?"

"தண்ணியத் தொட்டதும் வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு யாரும் ஒண்ணும் எழுதல. ஏன், என்னாச்சு?"

எதையும் மூன்று தரம் கேட்கிற பிரகாசி, மூன்றாவது தரம் கேட்கவில்லை. "சரி" என்று வைத்துவிட்டாள்.

சோறு வடித்து, சாளைக் குழம்பை இறக்கி, தட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். அவன் இடக்கையை நீட்டினான், பாதியில் நினைவு வந்து நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையும் பழக்கத்தில் பாதிவரை போயிருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அகப்பையால் ஒரு பெரிய மீனாகப் பார்த்து எடுத்து, அவன் இடக்கைப் பக்கமாகச் சோற்றில் வைத்தாள்.

"சாப்பிடும்" என்றாள். "அந்தக் கையிலயே சாப்பிடும்."